ஒரே முள்ளுக்கான வைஸ்

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. சிமெண்ட் தரையில் வாயகன்ற அலுமினியச் சருவம் இழுபடும் சத்தம். கர்ரென்று தொடங்கி, ஒரு சாண் தூரம் ஓடி, நின்றது.

லீமா மூச்சைப் பிடித்துக்கொண்டு மகளை அணைத்தாள். சருவத்தில் தண்ணீர் நிறைய ஊற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தது அவள்தான். யாரோ கதவைத் தள்ளியிருக்கிறார்கள். சருவம் நகர்ந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் ஆடி அடங்கும்வரை வெளியேயும் அசைவில்லை. பிறகு கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

நாயென்றால் கதவைத் தள்ளும். சாத்திவிட்டுப் போகாது.

"அம்மா" என்றாள் ஜெபினா. மூன்று வயது.

"காத்துடி. தூங்கு."

அந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

கதவில் தாழ்ப்பாள் இருந்தது. பதினான்கு மாதமாக அதை யாரும் தொடவில்லை. அவள் கணவன் கிளீட்டஸ் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கத் தங்கல் போன விசைப்படகு கரை திரும்பவில்லை. எட்டுப் பேர் போனார்கள். ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் மாமியார் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"கடலுக்குப் போனவன் வராம அவன் வீட்டுக் கதவைத் தாழ் போடக் கூடாது, கேட்டியா. போட்டா, அவன் இல்லன்னு நீயே சொன்ன மாதிரி."

அந்தத் தெருவின் வழக்கம் அது. பத்து நாள், இருபது நாள் போய் வருகிறவர்களுக்காக ஏற்பட்டது. பதினான்கு மாதத்தை யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

தினமும் காலையில், லீமா சருவத்தை எடுத்துவைத்த பிறகு, மாமியார் வந்து ஒரு விரலால் கதவைத் தள்ளிப் பார்ப்பாள். திறந்தால் சிலுவை போட்டுக்கொள்வாள். பிறகுதான் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாள்.

லீமா நான்கு மாதமாகப் பிரிஜித்திடம் கட்டுவேலை படித்துக்கொண்டிருந்தாள். சூரைக்கும் நெய்மீனுக்கும் போடுகிற பெரிய தூண்டில் முள்ளை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் கவ்வவைத்து, அதில் சேவல் இறகும் பளபளப்பு நூலும் வைத்து வரிந்து கட்டுகிற வேலை. கடலில் இழுத்துக்கொண்டு போனால் அது குட்டி மீன் ஓடுவதுபோல இருக்கும். அந்தக் கரையில் பிரிஜித்தின் கட்டு அவிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை.

இருவரும் கான்வென்டில் ஒரே வகுப்பு. லீமா எப்போதும் முதல் மார்க். பிரிஜித் எட்டாவதோடு நின்றுவிட்டாள். அவளுக்கு இடது கண் கிடையாது. இமை மூடித் தைத்ததுபோல இருக்கும். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். யாரும் கேட்பதும் இல்லை.

போன வாரம் பிரிஜித் சொன்னாள்: "இனி என் வைஸ்ல நீ கட்டக் கூடாது. சொந்தமா ஒண்ணு வாங்கு."

"எதைப் பாத்து வாங்கணும்?"

"நீ ஃபர்ஸ்ட் ரேங்க் இல்லா? பாத்து வாங்கு."

சருவம் நகர்ந்த இரவுக்கு மறுநாள் லீமா புதிதாக வாங்கிய வைஸைக் கொண்டுபோய்ப் பிரிஜித்தின் மேஜையில் வைத்தாள். மகளையும் கூட்டிப் போயிருந்தாள். இப்போதெல்லாம் அவளை எங்கேயும் விட்டுவிட்டு வருவதில்லை.

புது வைஸ் பளபளவென்று இருந்தது. முள்ளைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு இரும்புத் தாடைகள், கீழே ஒரு திருகு. பிரிஜித் அதைத் தன் நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதை எதுக்கு எடுத்த?"

"கொசு மாதிரி முள்ளுல இருந்து நடுவிரல் நீளம் வரைக்கும் எல்லாத்தையும் பிடிக்குமாம். தாடை எவ்வளவு வேணும்னாலும் விரியுமாம்."

"யாரு சொன்னது?"

"கடைக்காரர்."

"அவன் கட்டுவானா?"

"கட்டமாட்டார்."

"சரி. நீ கட்டு."

லீமா பெரிய முள் ஒன்றை எடுத்துத் தாடைக்குள் வைத்தாள். இரண்டு கையாலும் திருகை முறுக்கினாள்.

"இறுக்கிட்டியா?"

"இறுக்கிட்டேன். அசையவே இல்ல பாரு."

"இழுக்காத வரைக்கும் எதுவும் அசையாது."

லீமா நூலைச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பெரிய முள்ளில் கட்டு நிற்க வேண்டுமென்றால் உடம்பின் கனத்தையே நூலில் இறக்க வேண்டும். ஏழாவது சுற்றில் இறக்கினாள்.

முள் தெறித்தது.

அவள் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு போய், எதிர்ச் சுவரில் ணங்கென்று மோதி, தரையில் விழுந்தது. கீழே சேவல் இறகுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள் ஜெபினா. அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி முள் கிடந்தது. பளபளப்பாக இருந்ததால் எடுக்கக் கை நீட்டினாள்.

அதற்குள் பிரிஜித்தின் செருப்பு அதை மிதித்திருந்தது. அவள் அவ்வளவு வேகமாக அசைந்து லீமா பார்த்ததில்லை.

லீமாவின் விரலிலிருந்து இறகுகள்மேல் ரத்தம் சொட்டியது.

"எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு" என்றாள் பிரிஜித். குனிந்து முள்ளை எடுத்தாள். "அப்பா கட்டிட்டிருந்தார். நான் எதிர்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிட்டிருந்தேன். அந்த வைஸும் எல்லாத்தையும் பிடிக்கும்."

"படிப்பு வரலன்னு நீ நின்னுட்டதா நான் நினைச்சேன்."

"படிப்பும் வரல."

லீமா விரலை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிரிஜித் அவளைத் தேற்றவில்லை. பெட்டியிலிருந்து பழந்துணி கிழித்துக் கொடுத்தாள்.

"யாருக்குக் கட்டப் போற நீ?"

"சூரைக்காரங்களுக்கு."

"என்ன முள்?"

"பெரிய முள்."

"கொசு முள் எதுக்கு வேணும்?"

லீமா துணியை விரலில் சுற்றினாள்.

பிரிஜித் தன் வைஸைத் திருப்பிக் காட்டினாள். கறுத்துப்போன கனமான இரும்பு. இரண்டு தாடையின் உள்பக்கத்திலும் அரத்தால் ராவிய ஒரு பள்ளம் எதிரெதிரே ஓடியது. நான்கு மாதமாக அதில் கட்டியும் லீமா அந்தப் பள்ளத்தைப் பார்த்ததில்லை.

பிரிஜித் ஒரு சின்ன முள்ளைப் பள்ளத்தில் வைத்துத் தாடையை முழுக்க மூடினாள். கையை எடுத்ததும் முள் வழுக்கி மேஜையில் விழுந்தது.

பெரிய முள்ளை வைத்தாள். அதன் வளைவு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. திருகை ஒரு சுற்றுதான் கொடுத்தாள். நகத்தால் முள்ளைச் சுண்டினாள். ணீங்கென்று நீளமாக ஒலித்தது.

"கேட்டியா? இப்படிச் சத்தம் வந்தா இருக்குன்னு அர்த்தம்."

"சின்னது விழுந்துட்டுதே."

"விழட்டும்."

"வேற எதையுமே பிடிக்காத வைஸை வச்சுட்டு என்ன செய்ய?"

"ஒண்ணைப் பிடிக்குது இல்லா."

"அந்த ஒண்ணு வராத நாள்ல?"

பிரிஜித் முள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு தாடையை மூடினாள்.

"மூடிக் கிடக்கும்."

லீமா தலை குனிந்துகொண்டாள்.

"முள் தெறிச்சதுக்கு வைஸ் பாதிதான் காரணம்" என்றாள் பிரிஜித். "மீதி உன் கை. ராத்திரி தூங்கலியா?"

"காத்து."

"காத்தா?"

"காத்து வந்து சருவத்தைத் தள்ளும் ஆன்ட்டி" என்றாள் ஜெபினா, இறகுகளிலிருந்து கண் எடுக்காமல். "காத்து செருப்பு போட்டிருக்கு."

பிரிஜித் கையிலிருந்த முள்ளைக் கீழே வைத்தாள்.

லீமா தன் மகளைப் பார்த்தாள். காற்று என்று நம்பிவிட்டாள் என நினைத்திருந்தாள், மூன்று தடவையும். கதவுக்கு வெளியே நடந்துபோன அந்தச் செருப்பின் ஓசை லீமாவுக்கே சரியாகக் கேட்டிருக்கவில்லை.

லீமா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கதவை, சருவத்தை, மாமியார் சொன்னதை. யாரென்று தெரியாது. தெரிந்தால் அதைவிடப் பயமாக இருக்கும் என்றும் சொன்னாள்.

பிரிஜித் எழுந்தாள். வைஸுக்குப் போடுகிற எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டாள்.

"எந்த வைஸ் வாங்கணும்னு சொல்லித் தரமாட்டியா?" என்றாள் லீமா.

"நட."

மூவரும் லீமாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை மங்கிக்கொண்டிருந்தது. பிரிஜித் கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கதவுப்பலகையோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தாள். இன்னும் இரண்டு சொட்டு விட்டாள்.

அடுத்த வீட்டிலிருந்து மாமியார் வந்துவிட்டாள்.

"யாருட்டி அது, தாழ்ல கை வைக்கிறது?"

"நான்தான் மாமி. பிரிஜித்."

"எண்ணெய் எதுக்கு?"

"துருப்பிடிச்சிருக்கு."

"பிடிக்கட்டும். உன் வீட்டு ஆம்பிள யாரும் கடல்ல இல்ல. உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுதான்."

"இந்தக் கதவு யாருக்காகத் திறந்திருக்குன்னாவது தெரியுமா?"

"அது தெரியும். யாரு வந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மாமியார் லீமாவைப் பார்த்தாள். லீமா சருவத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தரையைக் காட்டினாள். சிமெண்டில் மூன்று வெள்ளைக் கீறல்கள். கதவு திறக்கிற வாக்கில் வளைந்து, ஒன்றைவிட ஒன்று நீளமாக.

மாமியார் குனிந்து உட்கார்ந்தாள். கீறல்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். கடைசிக் கீறலில் விரல் நெடுநேரம் நின்றது. அவள் முகத்தில் ஏதோ வந்துவிட்டுப் போனது. பார்க்க முடியாததாக இருந்தது, ஏனென்றால் அது சந்தோஷம்.

"அவனா இருக்குமோ?"

"அவன் வீட்டுக்குள்ள வராம, சாத்திட்டுப் போவானா மாமி?" என்றாள் பிரிஜித்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஜெபினா வந்து பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்னத் தலையின்மேல் கை வைத்தபடி மாமியார் வாசலுக்கு வெளியே கடலிருக்கும் பக்கம் பார்த்தாள். வீடுகள் மறைத்தன. இரைச்சல் மட்டும் வந்தது.

"தாழ் போட்டுக் கிடக்கும்போது என் மகன் வந்து நின்னா?" என்றாள். "நடுராத்திரி, நனைஞ்ச துணியோட, இந்த வாசல்ல வந்து நின்னா? என்ன செய்வான், சொல்லு. என்ன செய்வான்?"

பிரிஜித் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகினாள்.

"தட்டுவான் மாமி."

இருட்டும் முன் அவள் வீடு போக வேண்டும், ஒரு கண்ணுக்கு அந்த வழி பழக்கமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாமியார் நெடுநேரம் அங்கேயே நின்றாள். லீமா பாய் விரித்தாள், மூன்று பேருக்கு.

"நீங்க இங்க படுங்க மாமி."

"என் கதவை யாரு பாத்துக்குவா?"

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அவள் தன் கதவை விரியத் திறந்து வைப்பதும், அதற்கு முட்டுக்கொடுக்கக் கல்லை இழுப்பதும் லீமாவுக்குக் கேட்டது.

லீமா கொஞ்ச நேரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். பிறகு சருவத்தைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். முட்டுக்கல்லை நகர்த்திக் கதவைச் சாத்தி, அதன் பின்னால் சருவத்தை வைத்தாள். மாமியார் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தடுக்கவில்லை. மாமியார் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து லீமா தன் வீட்டுக்குள் நுழைந்தாள். பின்கதவின் கொக்கியை மாட்டினாள்.

முன்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். எண்ணெய் இறங்கியிருந்தது. பாதி தூரம் தானாக வந்தது. மீதிப் பாதி வரவில்லை. கட்டு வரியும்போது செய்வதுபோல உடம்பின் கனத்தை அதில் இறக்கினாள். விரலில் கட்டியிருந்த துணி மறுபடி சிவந்தது.

துரு உரசிக் கத்தியது. அடுத்த வீட்டுக்கும் அது கேட்டிருக்கும்.

தாழ்ப்பாள் துளைக்குள் போய் உட்கார்ந்தது.