வெட்சிப் புதரை உருண்டையாக்கிய முயல்

மலையடிக் காட்டில் ஒரு சுனையோரம் வெட்சிப் புதர் ஒன்று இருந்தது. அதன் அடியில் துத்தி என்ற முயல் குடியிருந்தாள். மேலே ஒரு கிளையில் அவளுடைய சிநேகிதி மினுக்கி என்ற தேன்சிட்டு கூடு கட்டியிருந்தாள்.

மினுக்கிக்கு இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. துத்திக்குத் தலைகால் புரியவில்லை. ஏதாவது செய்து அவளை அசத்த வேண்டும் என்று துடித்தாள்.

புதரை ஏற இறங்கப் பார்த்தாள். கிளைகள் இஷ்டத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன.

"பிள்ளை பிறந்த வீடு இப்படியா இருப்பது?" என்று முணுமுணுத்தாள். மினுக்கி இரை தேடப் போனதும் பக்கத்துப் பாறைமேல் ஏறி, நறுக் நறுக்கென்று கடிக்கத் தொடங்கினாள். கூடு தொங்கிய கிளையை மட்டும் தொடவில்லை. மாலைக்குள் புதர் கவிழ்த்த பானைபோல உருண்டையாகிவிட்டது.

மினுக்கி திரும்பி வந்தாள். புதரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கூட்டருகே உட்கார்ந்தாள்.

"நன்றாக இல்லையா?" என்றாள் துத்தி.

"அழகாய்த்தான் இருக்கிறது அக்கா. ஆனால் வெட்சி நுனியில்தானே பூக்கும்? நுனியெல்லாம் போய்விட்டதே. இனி தேனுக்கு நான் மலை ஏற வேண்டும். கூடும் வெளியே தெரிகிறது. செம்போத்து பார்த்தால் குஞ்சுகளை விடமாட்டான்."

துத்தியின் முகம் சுண்டிப்போனது. "நீ போய் வா. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

மறுநாளே செம்போத்து வந்தான். துத்தி பின்னங்காலால் தரையை அறைந்தாள். அவன் சட்டை செய்யவில்லை. பாறைமேல் ஏறி அவன்மேலேயே பாய்ந்தாள். இரண்டு இறகுகளை உதிர்த்துவிட்டு அவன் ஓடினான். குஞ்சுகள் பறக்கும்வரை துத்தி அங்கேயே காவல் கிடந்தாள்.

மழை வந்தது. புதர் வெளியே தழைத்தது. வெயில் புகாமல் உள்ளே இருண்டு காய்ந்தது.

"எதைக் கடிக்கலாம்? நீயே சொல்" என்றாள் துத்தி.

மினுக்கி கிளை கிளையாக உட்கார்ந்து பார்த்தாள். "இது பட்டுப்போனது. இது கிழடு, அடியோடு எடுத்துவிடு. இது இளசு அக்கா, அதன் போக்கில் போகட்டும்."

சொன்னதை மட்டும் துத்தி கடித்தாள். உள்ளே வெயில் இறங்கியது. அடுத்த பருவத்தில் புதர் கோணல்மாணலாகத்தான் நின்றது. ஆனால் நுனிக்கு நுனி சிவப்பாகப் பூத்திருந்தது. மினுக்கி தேன் குடித்த வாயோடு பாடிக்கொண்டே இருந்தாள். துத்தி காதை அவள் பக்கம் சாய்த்தபடி கண்மூடிக் கிடந்தாள்.

பிரியத்தோடு ஒன்றைத் திருத்தப் போகிறவர்கள், அதன் இயல்பு என்ன என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.