வேலங்குளத்தைத் தோளில் தாங்கியவர்கள்

அசமந்தூரில் மொத்தம் முப்பத்தேழு வீடு. அறிவு வேண்டுமென்று அலைந்தவர்கள் அந்த முப்பத்தேழு வீட்டில் ஒருவரும் கிடையாது. மணியக்காரர் ஆவுடையப்பர் மட்டும் எதைக் கேட்டாலும் மூக்கைச் சொறிந்துகொண்டு சற்று நேரம் பேசாமல் இருப்பார். அதனால் அவர் யோசிக்கிறவர் என்று ஊரே நம்பியது.

மழை கொட்டித் தீர்த்து ஏரி தளும்பிக்கொண்டிருந்த சமயம். காசிக்குப் போகிற சாமியார் ஒருவர் வழியில் அங்கே தங்கிக் கஞ்சி குடித்தார். குடித்த கஞ்சிக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"எல்லா நாட்டுக்கும் ராஜா ஒருத்தர்தான், மேலே இருக்கிறவர். அவர் கண்ணுக்கு எல்லைக்கல் கிடையாது. உங்களை அவர் தேர்ந்தெடுத்தார்னா அது பெருமைக்கு இல்லே, பொறுப்புக்கு. அக்கம்பக்கத்து ஊரை உங்க தோள்லே தாங்கணும்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஊர் மாட்டுக்கொட்டகையில் கூடியது.

"நம்மளைத் தேர்ந்தெடுத்தாச்சாம்," என்றார் மணியக்காரர்.

"எதுக்கு நம்மளை?" என்று கேட்டான் ஏர் உழுகிற கொம்பையா. "வேறே ஆளே கிடைக்கலையா?"

மணியக்காரர் மூக்கைச் சொறிந்தார். "நாமதான் வீட்டிலே இருந்தோம். மத்தவங்கள்லாம் வேலைக்குப் போயிருப்பாங்க."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக எல்லைக்கல்லைப் பிடுங்கப் போனார்கள். ராஜா கண்ணுக்குத் தெரியாத கல் அங்கே நிற்பது ராஜாவுக்கு மரியாதை இல்லை என்பது மணியக்காரரின் எண்ணம். அசமந்தூருக்கும் கீழே பள்ளத்தில் இருக்கிற வேலங்குளத்துக்கும் நடுவே ஏழு கற்கள். ஆறு கற்கள் சுலபமாக வந்துவிட்டன. ஏழாவது கல் ஏரிக்கரைக்குள் ஆழமாகப் பதிந்திருந்தது. பதினொரு பேர் கயிறு கட்டி இழுத்து, கல்லோடு சேர்ந்து மல்லாந்து விழுந்தார்கள்.

கல் இருந்த குழியிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்தது.

"தண்ணி வருதே," என்றான் கொம்பையா.

"வேலங்குளம் பக்கமாத்தானே போகுது? தண்ணிக்கு மட்டும் எல்லை உண்டா? விடு," என்றார் மணியக்காரர்.

அடுத்தது தோளில் தாங்குகிற வேலை. வேலங்குளத்தில் இருபது வீடுதான். அசமந்தூர் ஆணும் பெண்ணுமாக ஊருக்குள் நுழைந்தபோது, வேலங்குளத்துப் பெரியதனக்காரர் வீரபத்திரர் வாசலில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மணியக்காரர் கும்பிடு போட்டுவிட்டு, குனிந்து, அவரை அப்படியே தோளில் ஏற்றிக்கொண்டார்.

"என்னய்யா இது?" என்றார் வீரபத்திரர் மேலே இருந்து.

"உங்க பொறுப்பு இனிமே எங்களுது. அசையாம இருங்க."

"எங்கே தூக்கிட்டுப் போறீங்க?"

மணியக்காரர் நின்றார். சாமியார் அதைச் சொல்லவில்லை. "எங்க ஊருக்கு," என்றார் கடைசியில். "அங்கேதான் எங்களுக்கு வழி தெரியும்."

மணியக்காரர் மனைவி செண்பகவடிவு, மாவாட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை மாவுக் கையோடு தூக்கினாள். கொம்பையாவுக்குக் கிடைத்தவன் சங்கிலி. பனையிலிருந்து விழுந்து கால் முறிந்து நாலு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறவன். மற்றவர்கள் எல்லாரும் திட்டிக்கொண்டே வர, சங்கிலி மட்டும், "கொஞ்சம் மெதுவாப் போ அண்ணே, தெருவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு," என்றான். கொம்பையா அவனுக்காக ஊரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்டான். ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டால் பொறுப்பில் குறை வந்துவிடுமே என்று அவற்றையும் சிலர் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

மேட்டில் ஏறி அசமந்தூரை அடைந்ததும் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள். ஏரிக்கரை உடைந்து தண்ணீர் வேலங்குளத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. மண்சுவர்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து விழுந்தன. சங்கிலியின் கட்டில் வாசல் வழியாக மிதந்து வெளியே வந்து, தெருவில் திரும்பி, வயல் பக்கம் போயிற்று. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.



"ஐயா," என்றார் வீரபத்திரர். மழிக்காத கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "ஒரு உயிர் போகலே. நிஜமாவே உங்களைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருக்கார். கரை உடையப் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்களுக்குத் தெரியாதே," என்றார் மணியக்காரர். "நாங்க கல்லை மட்டுந்தான் பிடுங்கினோம்."

வீரபத்திரரின் முகம் மாறியது. அழுத கன்னம் ஒரு மாதிரியும் மழித்த கன்னம் வேறு மாதிரியும் இருந்தன. காலில் விழுவதா, கழுத்தை நெரிப்பதா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. தோள்மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் செய்வது கஷ்டம்.

"வீடு எல்லாத்தையும் நீங்கதான் கட்டித் தரணும்," என்றார்.

"தர்றோம். பொறுப்பு எங்களுதுதானே," என்றார் மணியக்காரர். அதில் அவருக்குத் துளியும் வருத்தமில்லை.

"முதல்லே எங்களை இறக்குங்க."

"அது முடியாதுங்க. தாங்கணும்னுதான் உத்தரவு. இறக்கணும்னு இல்லே."

பொழுது சாய்கிற வரைக்கும் அப்படியே நின்றார்கள். கடைசியில் வீரபத்திரர் ஒரு தந்திரம் செய்தார். "மணியக்காரரே, அவர் எல்லா நாட்டுக்கும் ராஜான்னா எங்களுக்கும் ராஜாதானே? எங்களையும் தேர்ந்தெடுத்திருப்பார் இல்லையா? அப்போ உங்களை நாங்க தாங்க வேண்டாமா?"

மணியக்காரர் மூக்கைச் சொறிய முயன்றார். இரண்டு கையும் வீரபத்திரரின் காலைப் பிடித்திருந்ததால் சொறியாமலே யோசித்தார்.

"நியாயந்தான்," என்றார். எல்லாரையும் இறக்கினார்கள். வேலங்குளத்துக்காரர்கள் கால் தரையில் பட்ட நிம்மதியில் பெருமூச்சு விட்டார்கள்.

"சரி, இப்போ ரெண்டு ஊரும் பொறுப்பு," என்று மணியக்காரர் வீரபத்திரரின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். "நான் உங்களைத் தூக்கறேன். அதே நேரத்திலே நீங்க என்னைத் தூக்குங்க. ரெண்டு பேர் காலும் தரையிலே படக் கூடாது."

சங்கிலியைத் தவிர அத்தனை பேரும் ஜோடி ஜோடியாக நிறுத்தப்பட்டார்கள். முக்கினார்கள், முனகினார்கள், வேர்த்து விறுவிறுத்தார்கள். ஒருவர் காலும் முழுசாக எழும்பவில்லை.

மணியக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நம்மிலே யாரோ ஒருத்தர்," என்றார் வருத்தத்தோடு, "முழு மனசோட தூக்கலே."