வெயில் விழும் கொடி

தாமிரபரணிக் கரையில் பெண்களுக்கென்று ஓர் ஆசிரமம். தலைமை வடிவாம்பாள் அம்மையார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் அங்கேயே தங்கிப் படித்தார்கள்.

மாதவிலக்கு நாட்களில் எப்படிச் சுத்தமாக இருப்பது என்று பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பொறுப்பை, அம்மையார் தன் சிஷ்யை செண்பகவல்லியிடம் கொடுத்தார். அவளும் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டும், சோப்புப் போட்டு அலச வேண்டும், நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைக்க வேண்டும். பிள்ளைகள் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள்.

மூன்றாம் மாதம், அவர்களில் ஒருத்தியான முத்துப்பேச்சிக்குத் தொடையிடுக்கெல்லாம் புண், கூடவே காய்ச்சல். ஈரத்துணி கட்டியதால் வந்தது என்று பார்க்க வந்த நர்ஸ் சொன்னார். சேதி கேட்ட அப்பா, படித்தது போதும், நாளைக் காலையில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். பாவம், வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை. அழுது அழுது முகமே வீங்கிவிட்டது.

செண்பகவல்லிக்கு ஆற்றாமை தாங்கவில்லை. விடிந்ததும் அம்மையாரிடம் போய் நின்றாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேம்மா. எருமை மாட்டு மேல மழை பெஞ்ச கதையாப் போச்சு. இதுகளுக்கு எப்படித்தான் புரியவைக்கிறது?"

"துணிய எங்க காயப்போட்டாளாம்?"

"கொல்லைக் கொடியிலதான். புளியமரத்தடியில, பாவாடைக்கு அடியில மறைச்சு."

"நீ எங்க போடுற?"

"அங்கதான்."

"வெயில் எங்க விழுது?"

அவள் முன்முற்றத்தைப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு கொடி. அம்மையார் பூசைக்கு உடுத்தும் காவிப்புடவை மட்டும்தான் அதில் காயும். தீட்டுத்துணி அதன் பக்கமே போகக் கூடாது என்பது ஆசிரமம் தொடங்கிய நாள்முதல் உள்ள கட்டு. யாரும் அதை மீறியதில்லை, ஏன் என்று கேட்டதுமில்லை.

அம்மையார் எழுந்துபோய்ப் புடவையை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதை நான் கொல்லையில போட்டுக்கிடுதேன். நீ போயி அந்தப் பிள்ளை துணிய அலசிக் கொண்டா. உன் துணியவும்தான்."

செண்பகவல்லி வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, வாசலுக்கு நேரே இருக்கு. அவ அப்பா வர்ற நேரம். இது கண்ணுல பட்டா..."

"அவர் பிள்ளையக் கூட்டிட்டுப் போக வர்ற மனுஷன்" என்றார் அம்மையார். "இங்கயே விட்டுட்டுப் போறதுக்கு ஒரு காரணமாவது கண்ணுல படட்டும்."