மழையிலும் நீலமாக இருந்த ஏரி

நகரத்தின் நடுவில் ஐம்பத்து நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் உச்சியில் சுற்றிலும் கண்ணாடி பதித்த பெரிய கூடம். டிக்கெட் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினால் ஊர் முழுவதையும் பார்க்கலாம். கீழே நடக்கும்போது சகிக்காத தெருக்கள்கூட மேலே இருந்து பார்த்தால் அழகாகிவிடும். அதற்குத்தான் அவ்வளவு கூட்டம்.

அந்தக் கண்ணாடிகளை உட்புறமாகத் துடைப்பவள் பவளக்கொடி. வயது முப்பத்தாறு. ஒன்பது வருடமாக ஒரு விரல் ரேகையைக்கூட அவள் மறுநாளுக்கு விட்டுவைத்ததில்லை. நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்த மருதவாணனுக்கு அவள்தான் குரு. சீடருக்கு வயது ஐம்பத்தேழு.

அவள் குருவான கதை சின்னது. ஒரு நாள் அவர் கூடத்தில் நின்று, "என்ன, ஊரே மங்கலா இருக்கு? கண்ணாடியைச் சரியாத் துடைக்கிறதில்லையா?" என்று சத்தம் போட்டார். பவளக்கொடி அவர் மூக்குக்கண்ணாடியை வாங்கித் துடைத்து, திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து மனதில் ஏதாவது உறுத்தினால் லிஃப்ட் ஏறி வந்துவிடுவார். குரு சீடரை 'சார்' என்பாள். சீடர் குருவை 'அம்மா' என்பார். பார்க்கிறவர்கள் சிரித்தால் இருவரும் சட்டை செய்வதில்லை.

கார்த்திகை முதல் வாரம், வானம் பளிச்சென்று இருந்த ஒரு காலையில் அவர் கையில் ஒரு படிவத்தோடு வந்தார்.

"அம்மா, ஒரு ஏரியைப் பார்வையிடணும்."

அவருடைய அலுவலகத்தில் அப்படி ஒரு பழக்கம் வந்திருந்தது. சேற்றில் கால் வைக்க வேண்டாம், நாய் துரத்தாது, மனுவோடு யாரும் காலில் விழ மாட்டார்கள். இங்கே ஏறி ஒரு பார்வை பார்த்துவிட்டு 'நேரில் பார்வையிட்டேன்' என்று எழுதிவிடுவார்கள். கட்டடம் கட்டியவர்கள் இப்படி ஓர் உபகாரத்தைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆறு வளையும் இடத்தை மருதவாணன் காட்டினார். வளைவுக்குள் நீலமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு, தண்ணீர்.

"ஏரிதானே அம்மா?"

"உங்க கண்ணு என்ன சொல்லுது?"

"ஏரின்னுதான் சொல்லுது. ஆனா ஆபீஸ் வாசல்ல தினமும் ஜனங்க வந்து நிக்கிறாங்க. ரேஷன் கார்டைக் காட்டி, அங்க எங்க வீடு இருக்குங்கிறாங்க. நான் ஏரின்னு கையெழுத்துப் போட்டா, ஆக்கிரமிப்புன்னு சொல்லி பொங்கல் முடிஞ்சதும் புல்டோசர் போயிடும். கார்டைப் பார்த்தா வீடு. இங்க நின்னு பார்த்தா ஏரி. எதை நம்புறது?"

"போட்டாச்சா?"

"இல்ல. போகிக்குள்ள போடணும்."

"அப்போ மழை நாள்ல ஒரு தடவை வாங்க சார்."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கண்ணாடிக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் ஆளே இல்லை. மருதவாணன் நனைந்த குடையோடு வந்தார். கடல் சாம்பல் நிறம். ஆறு சாம்பல் நிறம். ஊரில் இருந்த மற்ற ஏரி, குளம் எல்லாமே சாம்பல் நிறம். வளைவுக்குள் இருந்தது மட்டும் அச்சு மாறாமல் அதே நீலம்.

வெகுநேரம் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மட்டும் நீலமா இருக்கே அம்மா."

"ஆமா சார்."

"ஆழமா இருக்கும். ஆழமான தண்ணி நீலமாத்தான் தெரியும்."

"முப்பத்து மூணு வருஷ சர்வீஸ். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் குரு.

அந்தப் பேச்சில் இருந்த குத்தல் அவருக்குப் புரிந்தது. புரியாத மாதிரி குடையை மடித்தார்.

"காத்து அடிக்கிற அன்னைக்கு வாங்க சார்."

மார்கழியில் கடலில் புயல் சின்னம் என்று சொன்னார்கள். மழை வரவில்லை, காற்று மட்டும் வந்தது. லிஃப்ட் மெதுவாக ஏறியது. உச்சியில் கட்டடம் லேசாக ஆடுவது காலில் தெரிந்தது. பவளக்கொடி அங்கே நிறுத்தியிருந்த தொலைநோக்கியை வளைவின் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

அவர் கண்ணை வைத்தார். ஏரியின் ஒரு மூலை மேலே எழும்பிப் படபடத்தது. எறும்பளவு மனிதர்கள் அதைத் துரத்தி ஓடினார்கள். ஒருத்தி அதன் மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். இரண்டு பேர் லாரி டயரை உருட்டி வந்து மேலே போட்டார்கள். ஏரி அடங்கியது.

மருதவாணன் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் குருவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"தார்ப்பாய்," என்றார் கடைசியில்.

"ம்."

"மழை அன்னைக்கே தெரிஞ்சிடுச்சும்மா எனக்கு."

"எனக்கும் தெரியும், உங்களுக்குத் தெரிஞ்சது."

"மேலதிகாரி ஏற்கெனவே ஏரின்னு எழுதி வெச்சுட்டாரு. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் ஓய்வு பெற இன்னும் பத்து மாசம். இந்த வயசுல என்னை எங்கேயாவது தூக்கி அடிச்சா..."

பவளக்கொடிக்குக் கோபம் வந்தது. குருமார்களுக்குக் கோபம் வராது என்பது சும்மா பேச்சு. கையில் இருந்த ஈரத்துணியை வாளியில் அடித்தாள். தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது.

"கண்ணை நம்பவா, கார்டை நம்பவான்னு வந்து கேட்டீங்க. உங்களுக்குக் காலுன்னு ரெண்டு இருக்கே, அதை எப்ப சார் கேக்கப் போறீங்க?"

அவர் லிஃப்டில் இறங்கிப் போனார்.

மறுநாள் காலையிலேயே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வளைவுக்கு நடந்தார். யாரும் காலில் விழவில்லை. ஒரு பெண் முறைத்தாள், ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்வப் பார்த்தது. வரிசையாக வீடுகள். போன வெள்ளத்தில் கூரை போன எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுத்த நீலத் தார்ப்பாய், கூரைக்குக் கூரை தொட்டுக்கொண்டு கிடந்தது. அதன் மூலையில் அவருடைய அலுவலக முத்திரை. அதைக் கொடுத்த பட்டியலில் கையெழுத்துப் போட்டது அவர்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மூன்று நாள் சந்து சந்தாக அளந்தார். முந்நூற்றுப் பதினொரு வீடு. நாலாவது சந்தில் ஒரு வீடு மூன்று நாளும் பூட்டியே கிடந்தது. பூட்டிய வீட்டைச் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் துறையில் வழக்கம். வழக்கப்படி விட்டுவிட்டார்.

போகி அன்று காலை ஊர் முழுக்கப் பனியும் புகையும். ஐம்பத்து நான்காம் மாடியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. விடுமுறைக்கு டிக்கெட் எடுத்து வந்திருந்த குடும்பங்கள் வெள்ளையை வேடிக்கை பார்த்துக்கொண்டு எரிச்சலோடு நின்றன. கண்ணாடியின் உட்புறத்திலும் புகைக்கரி படிந்திருந்தது. பவளக்கொடி சோப்பு நுரையைக் கெட்டியாகப் பூசி ஊறவிட்டிருந்தாள்.

மருதவாணன் ஆற்று வளைவின் பக்கம் நின்றார். மேலதிகாரி அங்கேயே தேடிக்கொண்டு வந்துவிட்டார். நாற்பது வயது, சிரித்த முகம், கையில் அந்தப் படிவம்.

"என்னங்க மருதவாணன், இங்கேயே குடிவந்துட்டீங்களா? பாருங்க, ஒரு வீடாவது தெரியுதா? கையெழுத்துப் போட இதைவிட நல்ல நாள் கிடைக்காது."

"ஏரியும் தெரியலையே சார்."

அதிகாரியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மருதவாணன் சட்டைப்பையிலிருந்து தான் வரைந்த வரைபடத்தை எடுத்து நீட்டினார்.

"அங்க ஏரி இல்ல சார். முந்நூத்திப் பதினொரு வீடு. நடந்து அளந்தேன்."

அதிகாரி அதை விரித்துப் பார்த்தார். நிதானமாக இரண்டாகக் கிழித்தார். பிறகு நான்காக.

"போகிதானே, பழசைக் கழிச்சாச்சு. இப்ப போடுங்க."

"மாட்டேன் சார்."

"பத்து மாசம்தான் இருக்கு உங்களுக்கு."

"தெரியும் சார். மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் திரும்பினார். எதிரே நுரை பூசிய கண்ணாடி. ஆள்காட்டி விரலை அதில் வைத்து ஆற்றை இழுத்தார். வளைவைப் போட்டார். முதல் சந்து, இரண்டாவது சந்து, பொதுக் குழாய், இரண்டு கழிப்பறை, வேப்பமரம். பிறகு வீடுகளைக் கட்டம் கட்டமாகப் போடத் தொடங்கினார். ஒரு கட்டமும் இடம் மாறவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் அவர் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

வெளியே பார்க்க ஒன்றுமில்லாமல் நின்ற ஜனம் மெல்ல அங்கே கூடியது. "இது எந்த இடம் சார்?" என்று ஒருவர் கேட்டார். "நம்ம ஆத்து வளைவு," என்றார் மருதவாணன். ஐந்தாறு பேர் செல்போனை எடுத்தார்கள்.

"முந்நூத்திப் பதினொண்ணு," என்று கடைசிக் கட்டத்தைப் போட்டு அவர் விரலை எடுத்தார்.

பவளக்கொடி பக்கத்தில் வந்து, படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நாலாவது சந்துல ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

"அது பூட்டியிருந்ததும்மா."

"பூட்டாம எப்படி சார் வேலைக்கு வர்றது?"

அவள் தன் விரலால் ஒரு சின்னக் கட்டம் போட்டாள். நுரை வழிந்து மணிக்கட்டில் இறங்கியது.

மருதவாணன் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா முதல் நாளே சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒரு வீட்டைத்தான் சார் பார்த்திருப்பீங்க."

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார், செல்போன்களைப் பார்த்தார். சிரிப்பு முழுசாகப் போயிருந்தது.

"இந்தாம்மா, அதைத் துடை மொதல்ல. துடைக்கத்தானே உனக்குச் சம்பளம்? துடைக்கலைன்னா நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது, பார்த்துக்க."

பவளக்கொடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வாளியில் கிடந்த வைப்பரை எடுத்தாள். ஒன்பது வருடமாக அவள் வேறு யாரையும் தொடவிடாத வைப்பர் அது. பிடியை அதிகாரியின் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"அழுக்கைத் துடைக்கத்தான் சார் எனக்குச் சம்பளம். ஆளுங்களைத் துடைக்கணும்னா, இந்தாங்க, எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க, நீங்களே துடைங்க."