பள்ளத்து ஊற்று

மஞ்சணத்திக் காட்டில் ஓர் ஓடை இருந்தது. மேட்டில் யானைகளும் மான்களும் குடியிருந்தன. தண்ணீர் இறங்கி வருகிற பள்ளத்தில் பன்றிகள். அங்கேதான் குப்பாயி என்ற காட்டுப்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு இருந்தாள்.

மழை பிடித்தால் காட்டில் வயிற்றுப்போக்கு வரும். நோய்க்காவலுக்கென்றே செங்கால் என்ற மைனாவை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு கொத்து வேப்பங்கொழுந்து கொடுப்பாள். யாருக்கும் அளவு கூடாது, குறையாது. மேட்டில் மூன்றே நாளில் நோய் ஓடிவிடும். பள்ளத்திலோ வருஷா வருஷம் குட்டிகள் செத்தன.

சேற்றில் புரண்டால் வேறென்ன ஆகும் என்று மேட்டில் பேசிக்கொண்டார்கள். போன மழைக்கு இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்த குப்பாயியின் காதிலும் அது விழுந்தது. எல்லாம் தன் தப்புதான் என்று அவளும் நம்பிவிட்டாள், பாவம்.

இந்த மழைக்கும் சின்னக் குட்டி துவண்டு விழுந்தது. கொழுந்து கொடுத்தும் கேட்கவில்லை.

செங்காலுக்கு மனசு பொறுக்கவில்லை. மருந்து கொடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று இருக்க அவளால் முடியுமா? பள்ளத்துக்கே பறந்து வந்து, மருந்தை எப்படிக் கொடுக்கிறாய் என்று விசாரித்தாள்.

"மென்னு, இந்தத் தண்ணியில கரைச்சுத்தான் ஊட்டுறேன். வேற தண்ணிக்கு எங்க போவேன்?" என்றாள் குப்பாயி.

மைனா அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். ஓடையோடே மேலே பறந்தாள். மேட்டுத் துறையில் யானைக் கூட்டம் கும்மாளமாகக் குளித்துக்கொண்டிருந்தது. போட்ட சாணமெல்லாம் கரைந்து பள்ளத்துக்குத்தான் போனது.

நேரே யானைத் தலைவி மலையாத்தாவிடம் போய்ச் சொன்னாள். தலைவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எல்லாருக்கும் ஒரே கொத்துதானே கொடுக்கிறோம், இதில் என்ன ஓரவஞ்சனை என்று கேட்டாள்.

"மருந்து ஒரே அளவுதான், ஆத்தா. ஆனா நீங்க குளிச்ச தண்ணியைத்தான் அவ பிள்ளை குடிக்குது."

மலையாத்தா பள்ளத்துக்கு இறங்கி, ஓடையை விட்டுத் தள்ளி, மணலைக் காலால் தோண்டினாள். தெளிந்த ஊற்று சுரந்தது. அன்றுமுதல் யானைகள் பள்ளத்தையும் தாண்டிக் கீழே போய்க் குளித்தன. செங்கால் தினமும் முதலில் பள்ளத்துக்கு வந்து விசாரித்துவிட்டுத்தான் மேட்டுக்குப் போனாள்.

நாலாம் நாள் சின்னக் குட்டி எழுந்து தாயின் மடியை முட்டியது. குப்பாயி அழுதுவிட்டாள்.

"என் அழுக்குத்தான் பிள்ளைகளைக் கொன்னுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே, செங்காலு. நீ வந்து ஒரு வார்த்தை கேட்டியே, நல்லா இருப்ப!"

கோடையில் ஓடை வற்றியது. மேடு முழுக்கப் பாறை, தோண்டினால் கால்தான் தேயும். நாக்கு வறண்ட கன்றோடு மலையாத்தா பள்ளத்து ஊற்றுக்கு வந்து, கேட்க வாய் வராமல் நின்றாள்.

ஊற்று அசுத்தமாகாமல் சுற்றிலும் முள் போட்டுக் காத்துவந்த குப்பாயி, முள்ளை விலக்கித் தன் குட்டிகளை ஓரமாகத் தள்ளினாள்.

"முதல்ல உங்க பிள்ளை குடிக்கட்டும், ஆத்தா" என்றாள்.

எல்லாருக்கும் ஒரே அளவு மருந்து கொடுத்தால் போதாது. நோய் எங்கே அதிகமோ அங்கே முதலில் போய், காரணத்தைக் கேட்டுச் சரிசெய்தால்தான் எல்லாரும் பிழைப்பார்கள்.