சவேரியம்மையும் தாசில்தார் கடாவும்

ஒரு ஊர்ல ஒரு கடா இருந்துச்சு மக்கா. ராஜா இல்ல, கடா. ராஜா கதை வேணும்னா நாளைக்கு உங்க அப்பாகிட்டக் கேளு, எனக்குக் கடாதான் தெரியும். ம் கொட்டு.

ம்.

அந்தக் கடாவுக்குப் பேரு தாசில்தார். ஏன்னா அது நடந்து வந்தா முதல்ல தொப்பை வரும், அப்புறம் கொம்பு வரும், கடைசியாத்தான் கடா வரும். ஒவ்வொரு வாசலா நின்னு மேலயும் கீழயும் பாக்கும். பாத்துட்டு, கொடியில காயிற சட்டையைக் கறுக் கறுக்னு தின்னுட்டுப் போயிரும். ஒருத்தரும் அடிக்க மாட்டாவ. அது அந்தோணியாருக்கு நேந்துவிட்ட கடா. சாமி கடாமேல கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

நேந்துவிட்டது யாரு? சவேரியம்மை. அவ புருஷன் மிக்கேல் எட்டு மாசம் படுத்த படுக்கையாக் கிடந்தான். அப்போ அவ கோயிலுக்கு ஓடி, "அந்தோணியாரே, இவரைக் குணமாக்கிருங்க. திருவிழா அசனத்துக்குக் கடா தாரேன்"னு நேந்துக்கிட்டா. அசனம் தெரியும்லா? ஊரே ஒண்ணா உக்காந்து கோயில் சோறு திங்கது. அப்புறம் என்ன ஆச்சு? மிக்கேல் செத்துப்போனான் மக்கா.

ம்.

அடக்கம் முடிஞ்சதும் சவேரியம்மை கோயில் வாசல்ல நின்னு கத்துனா. "குணமாக்குனா கடான்னேன். குணமாக்கல, கடா கிடையாது. இனி உம்ம படி மிதிக்க மாட்டேன்!" கடாவை இழுத்துட்டுப் போயி வீட்டுல கட்டிப்போட்டா. பாவம், அந்த வீட்டுல அவளைத் தவிர மூச்சுவிடுற உசுரு அது ஒண்ணுதான். பேச்சுவார்த்தையெல்லாம் அதுகிட்டதான். திட்டுறதும் அதைத்தான்.

ஆனா கடா கைமாறுன விஷயத்தை யாரும் கடாகிட்டச் சொல்லல.

செவ்வாய்க்கிழமை வந்துச்சு. செவ்வாய்தோறும் அந்தோணியாருக்கு மாலையும் ரொட்டியும் கொண்டு வருவாவ. வாசனை தெருவைத் தாண்டி வந்து தாசில்தார் மூக்குல ஏறிச்சு. அப்போ, பட்டுனு கயிறு அறுந்துச்சு. டக் டக் டக் டக்! போனவரு கோயில் பக்கத்துக் கொட்டகையில நுழைஞ்சு, யாரோ வச்சிருந்த ரோஜா மாலையை வெத்தலை போடுற மாதிரி மென்னுக்கிட்டு நிக்காரு.

சவேரியம்மை வெளிய நின்னு, "ஏ தாசில்தார், வா வெளிய!"ங்கா. அது "ம்மே"ங்குது. "கோயிலுக்குள்ள போகல, கொட்டகைக்குத்தான் போறேன்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு உள்ள போனா.

அந்தக் கொட்டகை நிறைய சீக்காளிங்க. வெளியூர்லயிருந்து வந்து பதிமூணு செவ்வாய் தங்கி ஜெபம் பண்றவங்க. ஒரு மகன் படுத்துக்கிடந்த அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுதான். வாய்க்குள்ள போனது ஒரு துளி, மீசைக்குப் போனது ஒரு படி. சவேரியம்மைக்குப் பொறுக்கல. "ஏல, கஞ்சி ஊட்டுதியா, மீசைக்கு எண்ணெய் தேய்க்கியா? தூக்கி உக்கார வை. கொஞ்சம் கொஞ்சமாக் கன்னத்து ஓரமா விடு." அவளே வாங்கி ஊட்டுனா. மடக். மடக். எட்டு மாசம் மிக்கேலுக்கு ஊட்டுன கை மக்கா அது. கிழவர் கிண்ணத்தைக் காலி பண்ணிட்டு, "இந்தப் பிள்ளையை எங்கேயிருந்துடா புடிச்ச?"ன்னு கேட்டாரு.

போகும்போது கோயிலைப் பாத்து, "கடாவுக்காகத்தான் வந்தேன்"னு சொல்லிட்டுப் போனா.

அடுத்த செவ்வாய்க்குச் சங்கிலி போட்டு அம்மிக்குழவியில கட்டுனா. தாசில்தார் குழவியோடயே போயிட்டாரு. டங்கு டங்கு டங்கு! ஊரு முழுக்க இடி இடிக்குதுன்னு காயப்போட்ட கருவாட்டை எல்லாம் உள்ள எடுத்துட்டாவ.

அவ பின்னாலயே ஓடுனா. கொட்டகையில ஒரு தாய், காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு, உக்காந்தபடியே ஆடிட்டு இருக்கா. நாலு நாளாத் தூக்கமில்ல. "நீ கொஞ்சம் படு, நான் பாத்துக்கிடுதேன்"னா சவேரியம்மை. "நீங்க யாரும்மா?" "கடாக்காரி. படு." அவ்வளவுதான், அந்தத் தாய் விட்டா பாரு ஒரு குறட்டை. கொர்ர்ர்! கடா "ம்மே"ங்குது. கொர்ர்ர்! ம்மே! சாமியார் பூசையை நிறுத்திட்டு, "இது எந்த ஊருப் பாட்டு?"ன்னு கேட்டாராம்.

ஏய், தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மூணாவது செவ்வாய்க்குக் கடாவை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டா. தாசில்தாரு யோசிச்சாரு. ஓலை வீடுதான? சுவரைத் தின்னுட்டாரு. வயித்துல சுவரு, கொம்புல அவ நல்ல சேலை. ஊர்கோலமாப் போறாரு.

சேலையைப் புடுங்கக் கொட்டகைக்குப் போன இடத்துல ஒரு சின்னப் பொண்ணு சவேரியம்மை கையைப் புடிச்சுக்கிட்டா. பேரு மெற்றில்டா. கல்யாணமாகி ஒரு வருஷம்தான். அவ புருஷன் பாயில எலும்பாக் கிடக்கான். "அக்கா, நானும் கடா நேந்திருக்கேன். இவரு பிழைச்சிருவாருல்லா?"

சவேரியம்மை அவ பக்கத்துல உக்காந்தா. ஆமான்னா பொய். இல்லன்னா அந்தப் பிள்ளை செத்தே போகும். அவளுக்கு மிக்கேல் முகம் கண்ணு முன்னால வந்துச்சு, அழுகை வந்துச்சு, அடக்கிக்கிட்டா. அப்புறம் மெதுவாச் சொன்னா. "தெரியாது மகளே. என் புருஷன் பிழைக்கல. ஆனா ஒண்ணு. சேசுவைச் சிலுவையில அறைஞ்சப்போ மாதா கீழ நின்னாவ. அவுகளால மகனை இறக்கிவிட முடியல. ஆனா விட்டுட்டுப் போகல. நானும் போகல, இங்கனதான் இருப்பேன்." சொல்லி முடிச்சதும் அவளுக்கே ஆச்சரியம், இந்தத் தெம்பு எங்கேயிருந்து வந்துச்சுன்னு.

திருவிழாவும் வந்துச்சு. இஞ்ஞாசின்னு ஒரு கோயில்பிள்ளை, கோயில் வேலையெல்லாம் பாக்குறவரு, சரக் சரக்னு கத்தியைத் தீட்டிட்டு வந்து நின்னாரு. "நேந்தது நேந்ததுதான். கடாவைக் கொடு." கடா அவரு துண்டைத் திங்குது. "கொஞ்சம் நில்லும், நான் அவருகிட்டயே பேசிக்கிடுதேன்"னு சவேரியம்மை விறுவிறுன்னு கோயிலுக்குள்ளயே போயிட்டா. அடக்கத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை!

போயி அந்தோணியார் சிலை முன்னால நின்னா. "மிக்கேலை நீரு தரல. கோவம் இன்னும் இருக்கு, மறைக்க மாட்டேன். கடாவை நான் தர மாட்டேன், அது போயிட்டா வீட்டுல எனக்கு யாரு இருக்கா? ஆனா நேந்தவ வெறுங்கையா நிக்கக் கூடாது. என்னை எடுத்துக்கிடும். உம்ம கொட்டகையில சீக்காளிங்களைப் பாக்க ஆளில்ல. எனக்குப் பாக்கத் தெரியும். எட்டு மாசம் அழுதுக்கிட்டே படிச்ச படிப்பு."

அந்தோணியாரு எங்கயும் போகல. கையில குழந்தை சேசுவைத் தூக்கிக்கிட்டுச் சும்மா நின்னாரு. அது போதும்னு அவளுக்குத் தோணிச்சு.

அந்த வருஷ அசனத்துக்குக் கத்திரிக்காய்ச் சாம்பார். ஊரே முணுமுணுத்துச்சு. முணுமுணுத்துக்கிட்டே மூணு தடவை வாங்கித் தின்னுச்சு.

மெற்றில்டா புருஷன் பிழைச்சானா?

பிழைக்கல மக்கா. ஆனா அவ அழுதப்போ சாய ஒரு தோளு இருந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அவளும் ஊருக்குப் போகாம, "அக்கா, அந்தக் கஞ்சியை எங்கிட்டக் கொடுங்க, நான் ஊட்டுதேன்"னு வந்து நின்னா.

சீக்காளி கஞ்சி குடிச்சாச்சு, கடா வயிறு நிறைஞ்சாச்சு, கதையும் பாயைச் சுருட்டியாச்சு. நீ கண்ணை மூடு.