மகமைக் கிணறு

கடைச் சாமான் எல்லாம் காகிதப் பொட்டலமாக வீட்டுக்குப் போன காலம் அது. ராசையா முதலாளி கடையில் எதை வாங்கினாலும் விலையோடு, ஊர்ப் பொதுக் காரியத்துக்கென்று காலணா மகமை சேரும். புளி வாங்கினாலும் தர்மம், சோப்பு வாங்கினாலும் தர்மம். அந்த மகமையில்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிணறு வெட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள், பொட்டலம் கட்டும் ஆவுடையப்பனை முதலாளி கூப்பிட்டார்.

"கிணறு கொடுத்தவரை நீதான் மேடைக்கு அழைக்கணும். என் பேரைச் சொல்லிடாதே, நானே சொல்லச் சொன்ன மாதிரி இருக்கும். ஆனா எல்லாருக்கும் ஆள் யாருன்னு புரியணும். சொதப்பினா கடைப் பக்கம் வராதே."

மறுநாள் ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடையேறினான்.

"கிணறு கொடுத்தவங்க மேடைக்கு வாங்க! நம்ம கடையில ஒரு பொட்டலமாவது வாங்கினவங்க எல்லாரும் வாங்க!"

துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்த முதலாளி திகைத்து நின்றார். அவரைத் தாண்டி ஊரே மேடைக்கு நடந்தது.

"அப்போ நான் யாருடா?"

"உங்க வீட்டுச் சாமானுக்கு மகமை எடுக்காதேன்னு நீங்கதானே முதலாளி சொன்னீங்க?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முதலாளி முகம் கறுத்தது. ஆவுடையப்பனுக்கு வேலை போனது என்றே தோன்றியது.

அப்போது, வாரம் தவறாமல் மிளகு வாங்கும் இசக்கியம்மாள் முதல் வாளியை இறைத்து, ஒரு செம்புத் தண்ணீரை முதலாளியிடம் நீட்டினாள்.

"கொடுத்தவங்கதான் குடிக்கணும்னு நாங்க சொல்லலையே. குடிங்கய்யா."

குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆவுடையப்பா, நாளைக்கு நம்ம வீட்டுச் சாமானுக்கும் மகமை போட்டுக் கட்டு" என்றார்.